கையை நிறுத்தவும் கற்றுக்கொடுங்கள்

செவிலியர் கல்லூரிகளில் மருந்தியல் எடுக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு வணக்கம்.

போன மாதம் ஒரு நாள் காலை மருந்து நேரத்தில், உங்கள் மாணவி ஒருத்தி எமெசெட் (ஆன்டான்செட்ரான்) ஊசியை லோட் பண்ணிக்கொண்டு கட்டிலருகே நின்றாள். நல்ல பிள்ளை, படிக்கிற பிள்ளை. “ஆன்டான்செட்ரான் என்ன வகைம்மா?” என்று கேட்டேன். செரோட்டோனின் ஏற்பிகளைத் தடுப்பது, வாந்திக்கானது, 2 மில்லியில் 4 மில்லிகிராம் இருக்கும், தலைவலி வரலாம், மலச்சிக்கல் வரலாம் என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தாள். “சரி, யாருக்குக் கொடுக்க மாட்டே?” என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தாள். “டாக்டர் எழுதலைன்னா கொடுக்க மாட்டேன் சிஸ்டர்.”

சுற்றி நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. 22 வருடத்துக்கு முன் என்னைக் கேட்டிருந்தால் நானும் இதையேதான் சொல்லியிருப்பேன்.

நான் டெல்டா பகுதியில் ஓர் அரசு மருத்துவமனையில், பொது மருத்துவ வார்டில் இருக்கிறேன். கிளினிக்கல் போஸ்டிங் என்று நீங்கள் அனுப்பும் பிள்ளைகள் எங்கள் கையில்தான் வந்து சேருகிறார்கள். உங்களில் சிலர் என்னோடு ஒரே விடுதியில் ஒரே பக்கெட்டுக்கு வரிசையில் நின்றவர்கள். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன். மேடம், சார் என்று கூப்பிடவில்லை என்று கோபித்துக்கொள்ளாதீர்கள்.

முதலில் என் கதை. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், ஒரு சின்ன தனியார் மருத்துவமனையில் நைட் டியூட்டி. ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் விடாத வாந்தியோடு 19 வயதுப் பெண் ஒருத்தி வந்து படுத்திருந்தாள். பெரினார்ம் (வாந்திக்கான மெட்டோகுளோபிரமைடு) 10 மில்லிகிராம், ஐ.வி., அதாவது சிரை வழியாக, என்று எழுதியிருந்தது. போட்டேன். ஒரு தள்ளு, பத்து விநாடிகூட ஆகியிருக்காது. இன்னும் ஏழு பேருக்கு ஊசி பாக்கி இருந்தது. முக்கால் மணி நேரத்தில் அவள் அம்மா அலறிக்கொண்டு ஓடி வந்தார். போய்ப் பார்த்தால் பெண்ணின் கழுத்து ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டிருக்கிறது. கண் இரண்டும் மேலே விட்டத்தில் செருகி நிற்கின்றன. நாக்கு வெளியே தள்ளுகிறது, தாடை இறுகிவிட்டது. ஆனால் நினைவு தப்பவில்லை. கண்ணீர் மட்டும் வழிந்துகொண்டே இருந்தது. கூட வந்த பாட்டி “முனி அடிச்சிருச்சு” என்று சொல்லி முந்தானையில் முடிந்திருந்த விபூதியை எடுத்துவிட்டார்.

நான் வலிப்பு என்று நினைத்தேன். தூக்கக் கலக்கத்தோடு வந்த டியூட்டி டாக்டர் ஒரே கேள்விதான் கேட்டார்: “என்ன போட்டீங்க?” சொன்னேன். “ஃபெனர்கன் எடுங்க.” கால் மணி நேரத்தில் கழுத்து தன்னால் நேரானது. பாட்டி விபூதியைத் தன் நெற்றியிலும் இட்டுக்கொண்டார். அந்தப் பெயரை நான் விபூதியிடமே விட்டுவிட்டேன். மருந்துதான் சரிசெய்தது என்று சொன்னால், மருந்தால்தான் வந்தது என்றும் சொல்ல வேண்டியிருக்குமே.

இதில் வெட்கம் எங்கே என்றால், மெட்டோகுளோபிரமைடுக்கு எக்ஸ்ட்ராபிரமிடல் விளைவுகள் (தசைகள் தானாக இறுகி முறுக்கிக்கொள்வது) வரும் என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள் நான். சொல் தெரியும். அந்தச் சொல்லின் முகம் தெரியாது. 30 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கும் குழந்தைகளுக்கும்தான் இந்தக் கழுத்து முறுக்கல் அதிகம் என்பதும், சிரையில் போட்டால் குறைந்தது மூன்று நிமிடமாவது எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதும் வெகு காலம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. 2013இல் ஐரோப்பிய மருந்து முகமை இந்த மருந்தை ஐந்து நாளுக்கு மேல் கொடுக்காதே, பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 30 மில்லிகிராமைத் தாண்டாதே, ஒரு வயதுக்குக் கீழே தொடவே தொடாதே என்று வரம்பு கட்டியது. எங்கள் வார்டில் இன்றும் அது ‘சாதாரண வாந்தி ஊசி’தான்.

நீங்கள் கற்றுக்கொடுக்கும் ‘ஐந்து சரி’ இருக்கிறதே, சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்று. அன்றைக்கு நான் அதில் ஒன்றில்கூடத் தவறவில்லை. ஐந்தும் சரி. பெண்ணின் கழுத்து மட்டும் கோணல்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவளைக் காப்பாற்றிய ஃபெனர்கனே இன்னொரு பெண்ணின் கையை எடுத்த மருந்து. அமெரிக்காவில் வெர்மாண்ட் மாநிலத்தில் டயானா லெவின் என்ற இசைக் கலைஞர் 2000ஆம் ஆண்டு ஒற்றைத் தலைவலியோடும் குமட்டலோடும் ஒரு கிளினிக்குக்குப் போனார். முதலில் தசையில் போட்டார்கள். கேட்கவில்லை. மறுபடி வந்தபோது சிரை வழியாக நேரடியாகத் தள்ளினார்கள். மருந்து தமனிக்குள் போய்விட்டது. கை கறுத்து அழுகி, முதலில் உள்ளங்கையையும் பிறகு முழங்கைக்குக் கீழேயும் வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய் 2009இல் அவர் பக்கம் தீர்ப்பானது. அதே ஆண்டு அந்த ஊசிக்கு மிகக் கடுமையான கட்டமிட்ட எச்சரிக்கை வந்தது: தசையில் ஆழமாகப் போடுவதே மேல், இரண்டு வயதுக்குக் கீழே கூடாது. வாந்திக்கு என்று வாங்கிய ஊசி. ஒரு வரி எச்சரிக்கையாக இதைச் சொன்னால் பிள்ளைகள் மறந்துவிடுவார்கள். ஒரு பெண்ணின் கையாகச் சொல்லிப் பாருங்கள், ஆயுசுக்கும் மறக்காது.

‘ஸ்லோ ஐ.வி.’ என்ற சொல்லை வைத்து இன்னும் கொஞ்சம் சண்டை போட வேண்டியிருக்கிறது. மெதுவாக என்றால் எவ்வளவு மெதுவாக? என்னிடம் வரும் பிள்ளைகளில் பெரும்பாலோர் “மெதுவாத்தான் சிஸ்டர்” என்கிறார்கள். கடிகாரத்தைப் பார்ப்பவர் அரிது. ஆன்டான்செட்ரானுக்கு இரண்டு முதல் ஐந்து நிமிடம். பான்டோபிரசோல் ஊசிக்கு, 10 மில்லி சலைனில் கலக்கிய பிறகு, குறைந்தது இரண்டு நிமிடம். ரானிடிடினை வேகமாகத் தள்ளினால் நாடி இறங்கும், அதற்கு ஐந்து நிமிடம். அமினோபிலின் என்றால் 20 முதல் 30 நிமிடம், அதுவும் கரைத்துச் சொட்டுச் சொட்டாக. அதை அவசரமாகத் தள்ளி இதயம் நின்றுபோன சம்பவங்கள் மருத்துவப் பதிவுகளில் உண்டு. ஒரு கணக்கும் போட்டுக் காட்டுகிறேன். 30 பேருக்கு ஆளுக்கு ஒரு ஊசி, ஊசிக்கு மூன்று நிமிடம் என்றால் ஒன்றரை மணி நேரம். இருப்பது நான் ஒருத்தி. இதற்கு விடை சொல்ல வேண்டியவர்கள் நீங்கள் அல்ல. அவர்களுக்குத் தனியாகவே ஒரு மடல் எழுத வேண்டும். ஆனால் எதைக் கட்டாயம் மெதுவாகப் போட வேண்டும், எதைக் கொஞ்சம் சுருக்கலாம் என்று தெரிந்த பிள்ளைதான் அந்த ஒன்றரை மணி நேரத்துக்குள் பிழைக்கும். எல்லாவற்றையும் ஒரே ‘மெதுவாக’ என்று படித்த பிள்ளை எல்லாவற்றையும் ஒரே வேகத்தில்தான் தள்ளும்.

அடுத்து மூச்சு மருந்துகளுக்கு வருகிறேன். மார்கழிப் பனியும் தை அறுவடைத் தூசியும் சேரும்போது எங்கள் வார்டில் இளைப்புக்காரர்கள் வரிசை கட்டுவார்கள். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு: ‘டெரி-டெக்ஸா’. தியோபிலின் வகை மருந்தான டெரிஃபிலின் ஒன்று, ஸ்டீராய்டான டெக்ஸாமெத்தசோன் ஒன்று. இளைப்பு என்று யார் வந்தாலும் அதுதான். சால்பியூட்டமால் நெபுலைசரில் நிமிடங்களில் கேட்கும் என்பதும், தியோபிலின் வகை மருந்துக்குப் பயன்படும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடையே மயிரிழைதான் என்பதும் தெரிந்த பிறகும் வழக்கம் முழுதாகப் போகவில்லை. ரத்தத்தில் ஒரு மில்லிக்கு 10 முதல் 20 மைக்ரோகிராம் வரை தியோபிலினுக்கு இடம் என்று நீங்கள் எழுதிப்போட்டிருப்பீர்கள். அந்த 20ஐத் தாண்டினால் நோயாளி எப்படி இருப்பார் என்று சொன்னீர்களா?

நான் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் 62 வயது விவசாயக் கூலி ஒருவர் வந்தார். படபடப்பு, கை நடுக்கம், நாலைந்து முறை வாந்தி, கொஞ்சம் இளைப்பு. நெபுலைசர் ஒன்று, டெரிஃபிலின் ஊசி ஒன்று, வாந்திக்கு எமெசெட் ஒன்று என்று எழுதப்பட்டிருந்தது. யாரும் குறை சொல்ல முடியாத ஆர்டர். இளைப்புக்கு இளைப்பு மருந்து, வாந்திக்கு வாந்தி மருந்து. அன்றைக்கு டியூட்டியில் இருந்தவள் படிப்பு முடித்து ஆறு மாதம்கூட ஆகாத பெண், உங்களில் ஒருவரிடம் படித்தவள்தான். ஊசியை உடைக்காமல் அவர் மனைவியிடம் போய், “வீட்டுல என்ன மாத்திரை சாப்பிடறாரு, அந்த மஞ்சப்பையக் கொடுங்கம்மா” என்றாள். பைக்குள் டெரிஃபிலின் ரிடார்டு பட்டை ஒன்று, பாதி தீர்ந்திருந்தது. கூடவே சிப்ரோஃபிளாக்சசின். காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் என்று மெடிக்கலில் கேட்டு வாங்கி நான்கு நாளாகச் சாப்பிடுகிறாராம்.

சிப்ரோஃபிளாக்சசின் தியோபிலினை உடம்பிலிருந்து வெளியேற விடாது. தினமும் ஒழுங்காகச் சாப்பிட்டுவந்த அதே மாத்திரை, நான்கு நாளில் அளவு மீறிய நஞ்சாகிக்கொண்டிருந்தது. அந்த வாந்தி வயிற்று வாந்தி அல்ல, தியோபிலின் எச்சரிக்கை மணி அடிக்கும் வாந்தி. அதன்மேல் இன்னொரு டெரிஃபிலின் ஊசி போடப் போகிறோம். மணிச் சத்தம் கேட்காமல் இருக்க எமெசெட்டும் போடப் போகிறோம். இதோடு முடியவில்லை. சால்பியூட்டமால் ரத்தத்தில் பொட்டாசியத்தைக் குறைக்கும். தியோபிலினும் குறைக்கும். வாந்தியும் பேதியும் குறைக்கும். பொட்டாசியம் குறைந்து கிடக்கும் இதயத்தில் ஆன்டான்செட்ரான் க்யூ-டி இடைவெளியை (துடித்த இதயம் அடுத்த துடிப்புக்கு மின்னளவில் தயாராகும் நேரம்) நீட்டினால் துடிப்பு தாறுமாறாகும். இதே க்யூ-டி காரணத்துக்காகத்தான் 2012இல் அமெரிக்காவில் ஆன்டான்செட்ரானின் 32 மில்லிகிராம் ஒற்றை ஊசியையே நிறுத்தினார்கள்.

அந்தப் பெண் டாக்டரைக் கூப்பிட்டுச் சொன்ன வாக்கியம் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது: “சார், 7ஆம் கட்டில், டெரி ஊசியை நிறுத்தி வெச்சிருக்கேன். வீட்டுல டெரி மாத்திரையும் சிப்ரோவும் சேர்ந்து போயிருக்கு. நாடி 130. ஈ.சி.ஜி. எடுக்கட்டுமா?” எடுத்தார்கள். பொட்டாசியமும் பார்த்தார்கள், குறைவாகத்தான் இருந்தது. டெரிஃபிலின் முழுக்க நிறுத்தப்பட்டது. ஐந்தாம் நாள் அவர் நடந்து வீட்டுக்குப் போனார். போகும்போது வெள்ளரிப் பிஞ்சு கொடுத்துவிட்டுப் போனார், அது வேறு கதை.

இதைக் கவனியுங்கள். இந்திய நர்சிங் கவுன்சிலின் இப்போதைய பி.எஸ்சி. பாடத்திட்டத்தில் மருந்தியல் முதல் பகுதி மூன்றாம் செமஸ்டரில் வருகிறது, மொத்தம் 20 மணி நேரம். செரிமான மண்டல மருந்து ஒரு யூனிட், சுவாச மண்டல மருந்து அடுத்த யூனிட். அந்த 20 மணி நேரத்துக்குள் இதயம், ரத்தம், சர்க்கரை எல்லாம் நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. உங்கள் கஷ்டம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் அந்த 62 வயதுக்காரர் எந்த யூனிட்டில் வருவார்? இளைப்பு மருந்தின் நஞ்சு வாந்தியாக வெளிப்படுகிறது, வாந்தி மருந்து இதயத்தைத் தொடுகிறது. அவரைப் பிடித்துக் கொடுத்தது மருந்துப் பட்டியல் அல்ல, மஞ்சப்பை. மஞ்சப்பையைக் கேள் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்த அந்த ஆசிரியர் இதைப் படித்துக்கொண்டிருந்தால், உங்களுக்கு என் கும்பிடு.

ஆனால் நிறுத்துவது என்றால் எல்லாவற்றையும் நிறுத்துவது இல்லை. தப்பாக நிறுத்தியும் ஆளைக் கெடுக்கலாம். கல்லீரல் கெட்டு வந்து, நேரம் காலம் புரியாமல் உளறிக்கொண்டு படுத்திருப்பவருக்கு லாக்டுலோஸ் சிரப் எழுதியிருப்பார்கள். பிள்ளைகளுக்கு அது மலச்சிக்கல் மருந்து என்ற பாடம்தான் தெரியும். “சிஸ்டர், மோஷன் நல்லாப் போயிடுச்சு, அதான் கொடுக்கலை” என்பார்கள். அது குடலில் அம்மோனியாவைக் கட்டிப்போடக் கொடுக்கும் மருந்து. நாளைக்கு இரண்டு மூன்று முறை இளகிப் போக வேண்டும் என்பதுதான் குறி. ஒருமுறை போனதும் நிறுத்தினால் மறுநாள் காலை அவர் இன்னும் ஆழமாகத் தூங்குவார். பத்து முறை போகிறது என்றால் அப்போது கூப்பிட வேண்டும், நீர் வற்றிப்போகும். கணக்கு அந்த இரண்டு மூன்றில் இருக்கிறது. அதைச் சொல்லாமல் ‘மலமிளக்கி’ என்று மட்டும் சொல்லி அனுப்பினால் பிள்ளையைத் தப்பு சொல்லிப் பயனில்லை.

ஆக்சிஜனும் இப்படித்தான். அது மருந்து என்றே பலர் நினைப்பதில்லை. முப்பது வருடம் விறகடுப்புப் புகையில் ஊதி ஊதி நுரையீரல் தேய்ந்த அம்மாக்கள் எங்கள் வார்டில் நிறைய. பீடியைத் தொட்டே பார்க்காத சி.ஓ.பி.டி.க்காரர்கள் (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாளிகள்). அவர்களுக்கு ஆக்சிஜன் அளவு 88 முதல் 92 சதவீதம் இருந்தால் போதும். மகன் வருவார், மானிட்டரில் 90 என்று பார்ப்பார், பதறிப்போய் ஃப்ளோமீட்டரைத் திருகி விட்டுவிடுவார். அம்மா நிம்மதியாகத் தூங்குவது போலத் தெரியும். அது தூக்கம் இல்லை, கார்பன் டை ஆக்சைடு மயக்கம். ‘அதிகம் கொடுத்தால் கெடுதல்’ என்று எழுதி மார்க் வாங்கிய பிள்ளைகூட, அந்த மகனிடம் போய் “அண்ணே, அம்மாவுக்கு 90 போதும்ணே, கூட்டினா மயக்கமாயிடுவாங்க” என்று சொல்லத் தயங்கி நிற்கும். அதையும் பாடத்தில் வையுங்கள். நெபுலைசரையே ஆக்சிஜனில் ஓட்டாமல் காற்று கம்ப்ரஸரில் ஓட்ட வேண்டியவர்கள் இவர்கள்தான்.

நெபுலைசர் பற்றி ஒரு பக்கமே எழுதலாம், ஆனால் சுருக்கிக்கொள்கிறேன். போடும் முன் நாடி, போட்ட பின் நாடி. புடெசோனைடு போட்டால் வாயைக் கொப்பளித்துத் துப்ப வைக்க வேண்டும், இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளைப் பூஞ்சை படியும். இப்ராட்ரோபியம் கலந்த மருந்து என்றால் முகமூடி தளர்ந்து கண்ணில் ஆவி படக் கூடாது, கண் அழுத்தம் உள்ளவர்களுக்கு அது பெரிய தீமை. அந்தப் பிளாஸ்டிக் குமிழ் இருக்கிறதே, ரெஸ்பியூல், அது சலைன் வரும் பிளாஸ்டிக் குமிழைப் போலவே இருக்கும். அவசரத்தில் அதைச் சிரிஞ்சில் இழுத்துவிட்டால் நெபுலைசருக்குப் போக வேண்டியது சிரைக்குப் போகும். வாய்வழி சிரப்பை ஊசி சிரிஞ்சில் எடுத்து டிராலியில் வைப்பதும் இதே ஆபத்துதான். ரைல்ஸ் டியூபும் (மூக்கு வழியாக இரைப்பைக்குப் போகும் குழாய்) ஐ.வி. லைனும் ஒரே கட்டிலில் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும்போது, கையில் இருக்கும் குழாயை அது உடம்பில் நுழையும் இடம் வரை கண்ணால் தொடர்ந்து போய்ப் பார்த்துவிட்டுத்தான் மருந்தைச் செலுத்த வேண்டும். இதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

ரைல்ஸ் டியூப் என்றதும் அம்மிக்கல் ஞாபகம் வருகிறது. எல்லா மாத்திரையையும் ஒன்றாகப் போட்டு நுணுக்கித் தண்ணீரில் கரைத்து ஊற்றும் பழக்கம். டெரிஃபிலின் ரிடார்டை நுணுக்கினால், 12 மணி நேரம் மெல்ல மெல்லக் கசிய வேண்டிய மருந்து ஒரே மூச்சில் இறங்கிவிடும். பான்டோபிரசோலை நுணுக்கினால் அதன் மேல்பூச்சு உடைந்து வயிற்று அமிலமே அதைத் தின்றுவிடும். அமிலத்துக்குக் கொடுத்த மருந்து அமிலத்துக்கே சாப்பாடு. ‘எஸ்.ஆர்.’, ‘ரிடார்டு’ என்ற எழுத்துகளைப் பட்டையில் பார்த்தவுடன் அம்மியிலிருந்து கை விலக வேண்டும். பான்டோபிரசோலைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன் கொடு என்றும் கற்றுக்கொடுக்கிறீர்கள். எங்கள் வார்டில் டிபன் வண்டி ஏழரைக்கு, மருந்து ரவுண்டு எட்டுக்கு. இட்லிக்குப் பின்னால்தான் தினமும் பான்-40 போகிறது. இந்த முரண்பாட்டைக் கண்டுபிடித்து எங்களிடம் கேட்கும் மாணவி இதுவரை ஒருத்திகூட வரவில்லை. வந்தால் அன்றைக்கே ரவுண்டு நேரத்தை மாற்றுவதற்கு நான் சண்டை போடத் தயார்.

ஒரு பெரியவர், இன்ஹேலர் எழுதிக் கொடுத்தும் இளைப்பு குறையவே இல்லை என்று மூன்றாம் முறையாக வந்து சேர்ந்தார். “பம்ப் அடிச்சா பழகிப்போயிடும்னு விட்டுட்டீங்களா?” என்று கேட்டேன். எங்கள் பக்கத்தில் அந்தப் பயம் அதிகம். அவர் மனைவிக்குக் கோபம் வந்துவிட்டது. “ஒரு வேளகூட விடலம்மா, காலையில ஒண்ணு ராத்திரி ஒண்ணு முழுங்கிட்டுத்தான் இருக்காரு.” இன்ஹேலரில் போட்டு உறிஞ்ச வேண்டிய ரோட்டாகேப்பை. சீட்டில் மாத்திரைகளுக்கு எழுதியது போலவே 1-0-1 என்று எழுதியிருந்தது. கேப்சூல் என்றால் முழுங்க வேண்டியது என்று அவர் நினைத்ததில் என்ன தப்பு? இது நம் ஊர்க் கூத்து மட்டும் இல்லை, உறிஞ்ச வேண்டிய கேப்சூலை ஆட்கள் விழுங்குகிறார்கள் என்று 2008இல் அமெரிக்க மருந்துத் துறையே எச்சரிக்கை விட்டது. டிஸ்சார்ஜ் அன்று “ஒரு தடவை என் முன்னாடி போட்டுக் காட்டுங்கய்யா” என்று கேட்டிருந்தால் போதும். கேட்காமல் அனுப்பியவர்களில் நானும் ஒருத்தி.

பெயர்க் குழப்பத்துக்கு ஒரு வேடிக்கையான உதாரணம் வைத்திருக்கிறேன், வகுப்பில் பயன்படுத்திக்கொள்ளுங்கள். வயிற்று அமிலத்துக்கான ஓமெப்ரசோல் அமெரிக்காவில் முதலில் லோசெக் என்ற பெயரில் வந்தது. லாசிக்ஸ் என்று படித்துச் சிறுநீர் மருந்தைக் கொடுத்துவிட்டார்கள். 1990இல் பெயரைப் பிரைலோசெக் என்று மாற்றினார்கள். அதற்கப்புறம் அது மனச்சோர்வு மருந்தான புரோசாக்கோடு குழம்ப ஆரம்பித்தது.

குழந்தைகள் விஷயத்தில் மட்டும் சிரிக்க முடியவில்லை. 2025 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் இருமல் சிரப் குடித்த குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து அடுத்தடுத்து இறந்தார்கள், இருபதுக்கு மேல். அந்தச் சிரப் நம் காஞ்சிபுரம் மாவட்டத்து ஆலை ஒன்றில் தயாரானது. சோதனையில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால் இருந்தது. பாட்டிலுக்குள் விஷம் இருப்பதை எந்தச் செவிலியரும் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் மத்திய சுகாதாரத் துறை அப்போது மறுபடி நினைவூட்டியதை நாம் மனப்பாடமாக வைத்திருக்கலாம்: இரண்டு வயதுக்குக் கீழே இருமல், சளி சிரப் எழுதக் கூடாது, ஐந்து வயதுக்குக் கீழே பொதுவாகத் தேவையும் இல்லை. குளோர்ஃபெனிரமைன், ஃபினைலெஃப்ரின் சேர்ந்த சிரப் நான்கு வயதுக்குக் கீழே வேண்டாம் என்று லேபிளிலேயே போடச் சொல்லி 2023இல் உத்தரவும் வந்தது. சிரப் குடித்த குழந்தை சிறுநீர் கழிக்கவில்லை என்று தாய் சொன்னால், அந்த வார்த்தையைக் கேட்ட மாத்திரத்தில் எழுந்து ஓடத் தெரிந்திருக்க வேண்டும்.

‘ஒரு ஸ்பூன்’ என்று சொல்வதையும் விட்டுவிடச் சொல்லுங்கள். ஒவ்வொரு வீட்டு ஸ்பூனும் ஒவ்வொரு அளவு. 8 கிலோ குழந்தைக்கு வாந்தி. ஆன்டான்செட்ரான் கிலோவுக்கு 0.15 மில்லிகிராம் என்றால் 1.2 மில்லிகிராம், சிரப்பில் 5 மில்லியில் 2 மில்லிகிராம் இருக்கிறது, ஆக 3 மில்லி. இதைக் கரும்பலகையில் எல்லாப் பிள்ளையும் போட்டுவிடும். கையில் அழுகிற குழந்தையோடு தாய் எதிரே நிற்க, அரை நிமிடத்தில் போட வைத்துப் பாருங்கள். அதோடு, பெரிய ஓ.ஆர்.எஸ். பொட்டலம் முழுதும் ஒரு லிட்டர் தண்ணீருக்கு என்று சொல்ல வையுங்கள். டம்ளருக்குக் கொஞ்சமாகக் கொட்டிக் கலக்குவதை இன்னும் பார்க்கிறேன். பேதிக்கு 14 நாள் துத்தநாகமும் உண்டு என்று சொல்ல வையுங்கள். 1971இல் வங்கதேச அகதிகள் முகாமில் சலைன் பாட்டில் தீர்ந்தபோது, டாக்டர் திலீப் மகாலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் அளந்து கலந்து டிரம்மில் வைத்து வாய்வழியாகக் கொடுத்துக் காலராவிலிருந்து எத்தனையோ பேரை மீட்டார். அளந்து என்ற சொல்தான் அதில் உயிர். பெட்டியில் ஓ.ஆர்.எஸ். என்று அச்சடித்து விற்ற இனிப்புப் பானங்களை 2025இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் தடுத்ததும் அந்த அளவுக்காகத்தான். சர்க்கரை கூடினால் பேதி கூடும்.

கடைசியாக, கொஞ்சம் கசப்பான ஒன்று. தப்பு நடந்தால் உங்கள் பிள்ளைகள் மறைக்கிறார்கள். நாங்களும் மறைத்தோம். அந்தப் பெரினார்ம் கதையை நான் எந்தப் புத்தகத்திலும் எழுதவில்லை, அடுத்த டியூட்டி சிஸ்டரிடம் ஓவர் கொடுக்கும்போதுகூட “ஒரு ரியாக்‌ஷன், இப்ப பரவாயில்லை” என்றுதான் சொன்னேன். மருந்தின் பாதகத்தைப் பதிவு செய்ய 2010 முதல் தேசிய அளவில் மருந்துக் கண்காணிப்புத் திட்டம் இருக்கிறது, 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் செவிலியரே சொல்லலாம். டாக்டர்தான் சொல்ல வேண்டும் என்று இல்லை. எத்தனை மாணவிகளுக்கு இது தெரியும்? கேஸ் ஸ்டடி எழுதச் சொல்வது போல, ஒவ்வொரு செமஸ்டரிலும் ‘நான் தவறவிட்டது அல்லது தவறவிடப் பார்த்தது’ என்று ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். அதற்கு மார்க் குறைக்காதீர்கள். முதல் பக்கத்தை நீங்களே எழுதி வகுப்பில் வாசித்தால் இன்னும் நல்லது.

வாய்மொழித் தேர்வில் ஒரே ஒரு கேள்வியை மாற்றிக் கேளுங்கள். இந்த மருந்து எதற்கு என்று கேட்பதோடு, எதைப் பார்த்தால் கையை நிறுத்துவாய், யாரைக் கூப்பிடுவாய், கூப்பிட்டு என்ன சொல்வாய் என்று கேளுங்கள். அந்தக் கடைசிப் பகுதிக்கு வாயைத் திறந்து வாக்கியமாகச் சொல்ல வேண்டும். “சார், நிறுத்தி வெச்சிருக்கேன்” என்று நடுங்காமல் சொல்ல நம் பிள்ளைகளுக்குப் பழக்கம் இல்லை. வகுப்பில் ஒருமுறை சொன்ன வாய்தான் நடுராத்திரி போனிலும் சொல்லும்.

வரும் திங்கட்கிழமை முதல் மூன்றாம் செமஸ்டர் பிள்ளைகள் வருவதாகக் கடிதம் வந்திருக்கிறது. பழைய ஸ்வீட் டப்பா ஒன்றில் மாத்திரைப் பட்டைகள், ஆம்பூல் வந்த காலி அட்டைப் பெட்டிகள், ஒரு ரோட்டாஹேலர், இரண்டு பிளாஸ்டிக் குமிழ் எல்லாம் சேர்த்து வைத்திருக்கிறேன். மருந்துப் பெயர்களை எழுதிவரும் அந்த நீளமான நோட்டு வேண்டாம். விநாடி முள் உள்ள கைக்கடிகாரம் கட்டிக்கொண்டு வரச் சொல்லுங்கள். முடிந்தால் நீங்களும் ஒரு நாள் வாருங்கள், காலை ஏழு மணிக்கு, டிபன் வண்டி வருவதற்கு முன்.

இப்படிக்கு,
ஒரு வார்டு சிஸ்டர்